பிரெஞ்சு நாட்டுப்புறப் பாணியில் சமையலறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் கிராமத்து வீடுகளில் சமையலறை சமைப்பதற்கு மட்டுமான இடமாக இருந்ததில்லை. குளிர்காலத்தில் வீட்டிலேயே நெருப்பு எரியும் ஒரே அறை பெரும்பாலும் அதுதான் என்பதால், உண்பதும் உறவினரோடு பேசுவதும் துணி தைப்பதும் கணக்கெழுதுவதும் அங்கேயே நடந்தன. இன்று பிரெஞ்சு நாட்டுப்புறப் பாணி என்று அழைக்கப்படும் அலங்கார முறை அந்த அறையிலிருந்து பிறந்தது. அதைத் தம் வீட்டில் அமைக்க விரும்புவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

மற்ற நாடுகளின் நாட்டுப்புறப் பாணிகளிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது?

முதல் வேறுபாடு மரச்சாமான்களின் வடிவத்தில் தெரியும். பதினைந்தாம் லூயி மன்னரின் ஆட்சிக்காலத்தில் (1715–1774) பாரிஸ் மாளிகைகளில் பரவிய வளைந்த கால்களும் அலையலையான விளிம்புகளும் கிராமத்துத் தச்சர்களிடம் சற்றுத் தாமதமாகவே வந்து சேர்ந்தன. ஆனால் பாரிஸ் நேர்கோடுகளுக்கு மாறிய பிறகும், 19ஆம் நூற்றாண்டு வரையிலும்கூட, புரோவான்சிலும் நார்மண்டியிலும் இருந்த தச்சர்கள் அந்த வளைவுகளைக் கைவிடவில்லை. பொன்முலாமும் வெண்கல வேலைப்பாடும் இல்லாமல், அக்கம்பக்கத்தில் கிடைத்த வால்நட், ஓக், செர்ரி மரங்களில் அதே வளைவுகளைச் செதுக்கினார்கள். அதனால் ஒரு பிரெஞ்சுக் கிராமத்து அலமாரியில் உழைக்கும் வீட்டின் உறுதியும் மாளிகையின் நளினமும் ஒன்றாகத் தெரிகின்றன. சுவீடனின் குஸ்தாவியப் பாணிக்கு நேர்கோடுகளும் வெளிறிய சாம்பல் நிறமும் அடையாளம். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்வதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வேறுபாடு, சாமான்கள் தனித்தனியே நிற்பது. சுவரோடு சுவராகப் பொருத்தப்பட்ட ஒரே அளவிலான அலமாரி வரிசை இந்தப் பாணியில் இல்லை. தட்டுகளை நிறுத்தி வைக்கும் திறந்த அடுக்கு ஒன்று, மாவு பிசையும் மரத்தொட்டி ஒன்று, கதவு வைத்த பெரிய அலமாரி ஒன்று என வெவ்வேறு தலைமுறைகளில் வீட்டுக்கு வந்த பொருள்கள் ஒரே அறையில் கூடியிருக்கும். அவற்றை இணைப்பது ஒரே நிறமோ ஒரே வடிவமோ அல்ல. அவை அனைத்தும் அன்றாடம் பயன்பட்டன என்பதுதான். இந்தப் பாணியில் எந்த முடிவை எடுக்கும்போதும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: கையெட்டும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கப்படும் பொருள், அந்த வீட்டில் உண்மையாகவே பயன்படும் பொருளாக இருக்க வேண்டும்.

பிரான்ஸ் முழுவதற்கும் ஒரே பாணிதானா?

இல்லை. நிலமும் தட்பவெப்பமும் மாறுவதற்கேற்பச் சமையலறையும் மாறுகிறது. தெற்கே புரோவான்சில் வெயில் கடுமையானது என்பதால் சுவர்கள் தடிமனாகவும் சன்னல்கள் சிறியதாகவும் மரக் கதவடைப்புகளுடனும் இருக்கும். தரையில் சிவந்த சுடுமண் ஓடு, சுவரில் சுண்ணாம்பும் காவிமண்ணும் கலந்த பூச்சு, வால்நட் மரச்சாமான்கள், சிறு பூக்கள் அச்சிட்ட பருத்தித் துணி ஆகியவை அங்கே வழக்கமானவை. வடமேற்கே நார்மண்டியில் ஓக் மரம் ஆட்சி செய்கிறது. அங்கே திருமணத்தின்போது மணமகளுக்கென்று செய்யப்பட்ட உயரமான அலமாரிகளின் உச்சியில் சோடிப் புறாக்களும் பூக்கூடைகளும் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். பிரிட்டனியில் மரம் இன்னும் கருமையாகவும் செதுக்கு வேலை நெருக்கமாகவும் இருக்கும். அந்த இருண்ட பின்னணியில் கேம்பேர் நகரத்துப் பீங்கானின் நீலமும் மஞ்சளும் எடுப்பாகத் தெரியும். கிழக்கே அல்சாசில் பூக்கள் தீட்டிய மரப்பெட்டிகள், சுஃப்லன்ஹைம் ஊரின் வண்ண மண்பாண்டங்கள், பெட்ஷ்டோர்ஃப் ஊரின் சாம்பல் நிறத்தில் நீலக்கோலமிட்ட சாடிகள், கெல்ஷ் எனப்படும் கட்டம்போட்ட துணி ஆகியவை அந்தப் பகுதிக்கே உரியவை.

ஆகவே முதலில் ஒரு பகுதியைத் தேர்ந்துகொள்வது நல்லது. நார்மண்டியின் ஓக் அலமாரிமேல் அல்சாஸ் சாடியையும் அதன் பக்கத்தில் புரோவான்சின் மஞ்சள் துணியையும் வைத்தால், தனித்தனியே அழகான மூன்றும் சேர்ந்து நினைவுப்பொருள் கடையின் தோற்றத்தைத் தந்துவிடும். எந்தப் பகுதி என்பதை உங்கள் அறையின் வெளிச்சத்தை வைத்து முடிவு செய்யலாம். வெளிச்சம் நிறைய வரும் அறைக்குப் புரோவான்சின் மண்நிறங்கள் பொருந்தும். மங்கலான அறையில் அதே காவி நிறம் அழுக்குப் பழுப்பாகத் தெரியக்கூடும் என்பதால், அங்கே நார்மண்டியின் பாலாடை வெள்ளையும் நீலமும் கைகொடுக்கும்.

சுவருக்கு எந்தப் பூச்சு, எந்த நிறம்?

இந்தப் பாணியில் நேரத்தையும் உழைப்பையும் அதிகம் செலவிடத் தகுந்த இடம் சுவர்தான். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பெயிண்ட் சுவரின் மேல் ஒரு படலமாகப் படிகிறது. சுண்ணாம்பு அப்படியல்ல, நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து மீண்டும் சுண்ணக்கல்லாக மாறி, சுவரோடு சுவராக இறுகுகிறது. அதன் மேற்பரப்பில் வெளிச்சம் சீராக விழுவதில்லை. மேகம்போல மெல்லிய ஏற்றத்தாழ்வுகள் தெரியும். எந்தப் பெயிண்டாலும் அதை முழுமையாகப் பெற முடியாது. சுவரின் ஈரம் வெளியேறவும் அது வழிவிடுகிறது. அதன் காரத்தன்மை பூஞ்சை பற்றுவதையும் தடுக்கிறது; நீராவி நிறைந்த சமையலறைக்கு இது சிறிய நன்மையன்று.

ஆனால் சுண்ணாம்பு எல்லாச் சுவரிலும் பிடிக்காது. சுண்ணாம்புக் காரை, செங்கல், கல் போன்ற உறிஞ்சும் பரப்பு அதற்கு வேண்டும். ஏற்கெனவே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்த சுவரில் அடித்தால் சில மாதங்களில் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். அத்தகைய சுவரில் பழைய பெயிண்டை முழுவதும் நீக்க வேண்டும்; அல்லது சுண்ணாம்பு பிடிப்பதற்கென்றே விற்கப்படும் அடிப்பூச்சைக் கொடுக்க வேண்டும். அடிப்பதற்கு முன் சுவரை நன்றாக நனைக்க வேண்டும். கலவை பால்போல நீர்த்திருக்க வேண்டும். கெட்டியாக ஒருமுறை அடிப்பதைவிட மெல்லியதாக மூன்று நான்கு முறை அடிப்பதே நிலைக்கும். ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்பு ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது. மறுநாள் உலர்ந்த பிறகுதான் வெளுக்கும் என்பதால், முதல் பூச்சைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

நிறத்துக்குக் காவிமண்ணைச் சேர்ப்பது புரோவான்ஸ் மரபு. லூபெரோன் மலைப்பகுதியில் ரூசியோன், ருஸ்த்ரெல் ஊர்களைச் சுற்றியுள்ள மண் இதற்குப் பெயர் பெற்றது. அங்கே வெட்டியெடுக்கப்படும் மஞ்சள் காவியைச் சூளையில் சூடாக்கினால் அதிலுள்ள இரும்புச் சேர்மம் நீரை இழந்து சிவப்பாக மாறுகிறது. ஒரே மண்ணிலிருந்து வெளிர் மஞ்சள் முதல் செங்கல் சிவப்பு வரையிலான நிறங்கள் கிடைப்பது இதனால்தான்; அந்நிறங்கள் ஒன்றோடொன்று இணங்கிப்போவதற்கும் இதுவே காரணம். இரும்பு சார்ந்த நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குகின்றன. ஆனால் நிறப்பொடியை அளவுக்கு மீறிச் சேர்த்தால் சுவரைத் தொடும் கையிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அடுப்புக்கும் நீர்த்தொட்டிக்கும் பின்னால் உள்ள சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு வேண்டாம். எண்ணெய்க்கறையை அது விழுங்கிக்கொள்ளும். அங்கே சற்றே ஒழுங்கற்ற விளிம்புடைய, மெருகேற்றிய சிறிய ஓடுகளைப் பதியுங்கள்.

தரைக்குச் சுடுமண் ஓடுகளே வேண்டுமா? அவற்றைப் பராமரிப்பது கடினமா?

கட்டாயமில்லை, வடக்குப் பகுதி வீடுகளில் கற்பலகைத் தரையும் உண்டு. ஆனாலும் அறையின் குணத்தை ஒரே அடியில் மாற்றக்கூடியது சுடுமண் தரைதான் என்பது என் கருத்து. புரோவான்சின் அறுகோண ஓடுகளைத் தொமெத் என்பார்கள். வார் மாவட்டத்திலுள்ள சலேர்ன் ஊர் அவற்றுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள களிமண்ணில் இரும்பு மிகுந்திருப்பதே அந்தச் சிவப்புக்குக் காரணம். பழைய தரை ஒன்றைக் குனிந்து பார்த்தால், எந்த இரண்டு ஓடுகளும் ஒரே சிவப்பாக இல்லாததையும், வாசலிலிருந்து அடுப்பு வரை நடந்து தேய்ந்த பாதை மட்டும் சற்றே குழிந்து பளபளப்பதையும் காணலாம். புதிய ஓடுகளை வாங்கும்போது பல பெட்டிகளிலிருந்து கலந்தெடுத்துப் பதித்தால் அந்த நிறவேறுபாட்டில் ஒரு பகுதியாவது கிடைக்கும்.

சுடுமண் எண்ணெயை உறிஞ்சும். ஆகவே பதித்து நன்கு உலர்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெயை டர்பன்டைன் கலந்து ஊட்டி, அதன்மேல் மெழுகு தேய்ப்பது மரபு. இங்கே ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால், அது உலரும்போது உண்டாகும் வெப்பத்தால் தானாகவே தீப்பற்றக்கூடும். வேலை முடிந்ததும் அந்தத் துணியை வெளியில் விரித்து உலர்த்துங்கள், அல்லது நீரில் மூழ்கவைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள். அன்றாடம் துடைக்க மார்செய் சோப்பு போன்ற மென்மையான சோப்பு கரைத்த நீர் போதும். அமிலம் கலந்த தரைத்திரவங்களைத் தவிர்க்க வேண்டும்.

ஏற்கெனவே வரிசையாகப் பொருத்திய அலமாரிகள் இருக்கின்றன. அவற்றை அகற்றாமல் இந்தப் பாணியைக் கொண்டுவர முடியுமா?

முடியும். கீழ்வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, மேல்வரிசை அலமாரிகளில் ஒரு பக்கத்தையாவது கழற்றி, அங்கே தடித்த மரப்பலகைகளைத் திறந்த அடுக்குகளாகப் பொருத்துங்கள். எஞ்சும் அலமாரிகளின் மினுமினுப்பான கதவுகளுக்குப் பதிலாக, சட்டமும் நடுப்பலகையும் கொண்ட கதவுகளை மாட்டலாம். கைப்பிடிகளுக்கு வார்ப்பிரும்பு, பித்தளை அல்லது பீங்கான் குமிழ்கள் பொருந்தும். நீர்த்தொட்டிக்குக் கீழே கதவுக்கு மாற்றாகக் கட்டம்போட்ட துணியைக் கம்பியில் கோத்துத் தொங்கவிடுவது மிகப் பழைய வழக்கம், செலவும் குறைவு. இவற்றோடு தனித்து நிற்கும் சாமான் ஒன்று, ஒரு தட்டு அடுக்கோ மேசையோ, அறைக்குள் வந்துவிட்டால் பொருத்திய அலமாரிகள் பின்னணிக்குப் போய்விடும்.

சுவரில் இடமிருந்தால் புரோவான்சின் ரொட்டிப்பெட்டியைப் பற்றி எண்ணிப் பாருங்கள். பனெத்தியேர் என்னும் அந்தப் பெட்டியின் பக்கங்கள் பலகையால் ஆனவை அல்ல. கடைசல் பிடித்த சிறு மரக்குச்சிகள் வரிசையாக நிற்கும். காற்று உள்ளே சென்றுவர வேண்டும், எலி ஏறக் கூடாது என்பதற்காகச் சுவரில் உயரத் தொங்கவிட்டார்கள். அதற்கு நேர்கீழே மாவு பிசையும் மரத்தொட்டி நிற்கும். ரொட்டிப்பெட்டியின் ஒவ்வொரு வளைவும் குமிழும் அழகுக்காகச் செதுக்கப்பட்டவைதான். ஆனால் பெட்டியின் வடிவத்தை முடிவு செய்தது ரொட்டி. இன்று அதில் ரொட்டியோ வெங்காயமோ பூண்டோ வைக்கலாம். வெறுமையாக மட்டும் மாட்டி வைக்காதீர்கள்.

மேசை எப்படி இருக்க வேண்டும்?

நீளமாகவும் உறுதியாகவும் கீறல்களைப் பொறுத்துக்கொள்ளக் கூடியதாகவும் இருக்க வேண்டும். ஒருவர் அமர ஏறத்தாழ 60 செ.மீ. அகலம் தேவை, மேசையைச் சுற்றி நடக்க 90 செ.மீ. இடைவெளியாவது விடுங்கள். இடம் போதாவிட்டால் சமையலறை நடுவில் கட்டும் மேடையைக் கைவிட்டு மேசையைத் தேர்ந்தெடுப்பதே இந்தப் பாணிக்கு உரியது, ஏனெனில் அங்கே காய் நறுக்கியதும் மாவு தேய்த்ததும் உண்டதும் ஒரே மேசையில்தான். கோரை பின்னிய இருக்கையும் குறுக்குச்சட்ட முதுகும் கொண்ட நாற்காலிகள் அதற்கு இயல்பான துணை. எல்லாம் ஒரே தொகுதியாக இருக்க வேண்டியதில்லை.

அடுப்பையும் புகைபோக்கியையும் எப்படி அமைப்பது?

கணப்படுப்பே பழைய சமையலறையின் நடுநாயகம். அதற்கு மேலே காரை பூசிய அகன்ற கூம்பும், அதைத் தாங்கும் மர உத்தரமும் இருக்கும். இன்றைய புகை உறிஞ்சியை அத்தகைய காரைக் கூம்புக்குள் மறைத்து அமைப்பது நல்ல தீர்வு. உத்தரம் போன்ற மரப்பகுதிகளுக்கும் எரிவாயு அடுப்புக்கும் இடையே எவ்வளவு தொலைவு வேண்டும் என்பதை அடுப்பு, உறிஞ்சி இரண்டின் கையேடுகளிலும் பார்த்து, கூடுதலான அளவைக் கடைப்பிடியுங்கள். எரிவாயு அடுப்புக்கு மேல் உறிஞ்சி 65 செ.மீ. அல்லது அதற்கு அதிகமான உயரத்தில் இருப்பது பொதுவான நடைமுறை.

புரோவான்சின் வசதியான வீடுகளில் கணப்படுப்போடு இன்னொன்றும் இருந்தது. இடுப்புயரத்துக்குக் கட்டி, மேலே ஓடு பதித்து, நடுவில் சதுரக் குழிகள் விட்ட மேடை அது. கணப்பிலிருந்து தணலை எடுத்து அந்தக் குழிகளில் இட்டு, மெல்லிய சூட்டில் வேகவேண்டியவற்றை அங்கே வேகவைத்தார்கள். குனிந்தே சமைத்தவர்களுக்கு நிமிர்ந்து நின்று சமைக்க வழிசெய்தது இந்த மேடை. புதிதாக மேடை கட்டுபவர்கள் இதன் வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம்: செங்கல்லால் கட்டி, முகப்பில் சிறிய வளைவு திறப்புகள் விட்டு, மேலே கையளவு ஓடுகளைப் பதித்தால், அதில் இன்றைய மின் அடுப்பும் பொருத்தமாகவே அமரும்.

பர்கண்டியின் லகான்ஷ் கிராமத்தில் செய்யப்படுவன போன்ற பெரிய எனாமல் அடுப்புகள் அழகானவை. விலையும் அதற்கேற்ப மிக அதிகம். அது இல்லாததால் உங்கள் சமையலறை குறைபட்டுவிடாது.

செம்புப் பாத்திரங்களை வெறும் அலங்காரத்துக்காக மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் சமைக்கவும் செய்யலாம் என்னும்போது ஏன் அதைத் தவறவிட வேண்டும்? நார்மண்டியிலுள்ள வில்தியூ-லே-புவால் ஊரில் செம்புக் கொல்லர்களின் தொழில் பல நூற்றாண்டுகளாகத் தொடர்கிறது. மோவியேல் நிறுவனம் 1830இல் அங்கேதான் தொடங்கப்பட்டது. சமைப்பதற்கு இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன் நல்லது. மிக மெல்லிய பாத்திரங்கள் பரிமாறவும் பார்வைக்கும்தான்.

பழைய பாத்திரத்தை வாங்கும்போது உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளீயப் பூச்சு தேய்ந்து உள்ளே செம்பு சிவப்பாகத் தெரிந்தால், மறுபடியும் ஈயம் பூசும்வரை அதில் சமைக்கக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசில் உருகிவிடும் என்பதால், வெறும் பாத்திரத்தை நெருப்பில் வைக்கவே கூடாது. பழப்பாகு காய்ச்சும் அகன்ற செம்புச் சட்டிகளுக்கு மட்டும் ஈயம் பூசுவதில்லை. அவை சர்க்கரையோடு பழம் கொதிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. களிம்பைப் போக்க உப்பும் வினிகரும் போதும். கண்ணாடிபோல மினுக்க வேண்டியதில்லை. வெளிப்புறத்தில் படியும் தேன்நிறக் கருமை மரத்தோடும் சுண்ணாம்புச் சுவரோடும் இன்னும் நன்றாக இணைகிறது.

செம்பு வேண்டாம் என்போருக்கு எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பாத்திரம் உண்டு. ல குரூசே நிறுவனம் 1925இல் வட பிரான்சின் ஃப்ரெனுவா-ல-கிரான் ஊரில் தொடங்கியபோது தேர்ந்த நெருப்பு ஆரஞ்சு நிறம் இன்றும் தொடர்கிறது. சாம்பல் நிற அறையில் அத்தகைய ஒரு பாத்திரமே போதுமான வண்ணத்தைத் தந்துவிடும்.

எந்தத் துணிகள் பொருந்தும்?

புரோவான்சின் பூத்துணிக்கு இந்தியாவோடு நேரடித் தொடர்பு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் மார்செய் துறைமுகம் வழியாக வந்திறங்கிய இந்திய அச்சுப் பருத்தித் துணிகள், துவைத்தாலும் சாயம் போகாத வண்ணங்களால் பிரான்சையே மயக்கின. பட்டு, கம்பளி நெசவாளர்கள் தங்கள் பிழைப்பு கெடுவதாக முறையிட்டதால், 1686இல் அரசு அத்துணிகளைத் தடை செய்தது. 1759 வரை நீடித்த அந்தத் தடையால் ஆசை குறையவில்லை, கடத்தல்தான் பெருகியது. தடை நீங்கிய மறு ஆண்டே, 1760இல், ஓபர்காம்ப் என்பவர் பாரிசுக்கு அருகிலுள்ள ஜூயி-ஆன்-ஜோசாசில் தம் அச்சுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். வெள்ளைத் துணியில் ஒற்றை நிறத்தில் கிராமத்துக் காட்சிகளைத் தீட்டிய துவால் த ஜூயி அங்கிருந்து புகழ்பெற்றது. தெற்கே தாராஸ்கோனில் 1939இல் தொடங்கிய சூலெயாதோ நிறுவனம், பழைய மர அச்சுகளின் பூக்கோலங்களை இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறது.

சிறு பூக்கள் அச்சிட்ட புரோவான்ஸ் துணி மேசை விரிப்புக்கும் நாற்காலித் திண்டுக்கும் பொருந்தும். காட்சிகள் தீட்டிய துணிக்கு அகன்ற பரப்பு வேண்டும். மடிப்பு அதிகமாக வைத்த திரையில் ஆடுமேய்க்கும் பெண்ணின் பாதி முகம் மட்டும் தெரிந்தால் அந்தத் துணியின் நோக்கமே கெட்டுவிடும். ஆகவே அதை மடிப்பில்லாத சன்னல் மறைப்பாகவோ அலமாரிக் கதவின் உட்புறத்திலோ பயன்படுத்துங்கள். ஓர் அறைக்கு ஒரு சித்திரத் துணி போதும். மற்றவை கட்டமாகவோ கோடாகவோ இருக்கட்டும். ஓரத்தில் சிவப்புக்கோடு ஓடும் தடித்த லினன் துடைப்புத் துணிகள் பிரெஞ்சு வீடுகளின் அன்றாடப் பொருள். துவைக்கத் துவைக்க மென்மையாகி நீரை இன்னும் நன்றாக உறிஞ்சும் அவற்றை ஆணியில் தொங்கவிட்டாலே சுவர் நிறைந்துவிடும். அடுப்புக்கு அருகில் மட்டும் எந்தத் திரையும் வேண்டாம்.

மண்பாண்டங்களும் பீங்கான்களும் எவை?

தென்மேற்குப் பிரான்சின் கோன்ஃபி சாடியை முதலில் சொல்வேன். மேல் பாதியில் தேன்மஞ்சள் மெருகும் கீழ்ப் பாதியில் மெருகில்லாத வெறும் மண்ணுமாக இருக்கும் அதன் தோற்றம் யாரோ ஓவியர் தீர்மானித்ததுபோலத் தெரியும். உண்மையில் கொழுப்பில் பதப்படுத்திய வாத்து இறைச்சியை அதில் நிரப்பி, நிலவறையின் தரையிலோ மணலிலோ பாதிவரை புதைத்து வைத்தார்கள். புதையும் பகுதிக்கு மெருகு தேவைப்படவில்லை. இன்று அதில் மரக்கரண்டிகளை நிறுத்தி வைப்பது மிகப் பொருத்தமான பயன்பாடு.

கேம்பேர், முஸ்தியே-சாந்த்-மாரி ஆகிய ஊர்களின் கையால் தீட்டிய பீங்கான்களும், 1821இல் தொடங்கிய ஜியான் தொழிற்சாலையின் தட்டுகளும் திறந்த அடுக்குகளுக்கு ஏற்றவை. கண்ணாடிக் குவளைகளுக்குத் துராலெக்ஸ் நிறுவனம் 1954இல் கொண்டுவந்த பிக்கார்தி வடிவம் போதும். விலை குறைவு, விழுந்தாலும் எளிதில் உடையாது. ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்: பழைய மண்பாண்டங்களின் மெருகில் காரீயம் இருக்கக்கூடும். புளிப்பான உணவையோ ஊறுகாயையோ அவற்றில் வைக்க வேண்டாம்.

சேவல், லாவெண்டர், சூரியகாந்தி, சில்வண்டு உருவங்களை வைக்கலாமா?

ஒன்றிரண்டு வைக்கலாம். பீங்கான் சில்வண்டு புரோவான்சின் ஓபாஞ் ஊரில் லூயி சிகார் என்னும் கைவினைஞர் 1895இல் வடித்தது. அதற்கென்று ஒரு வரலாறு உண்டு. ஆனால் துண்டிலும் திரையிலும் கடிகாரத்திலும் சாடியிலும் சேவல் அச்சிட்டுவிட்டால், அது பிரான்சைப் பற்றிய விளம்பரம் ஆகிவிடும். நறுக்கி எடுக்கும் தைமும் ரோஸ்மேரியும் சன்னலோரத் தொட்டியில் வளர்வது எந்த உருவத்தைவிடவும் மேலானது.

புதிய மரத்தைத் தேய்த்துச் சுரண்டிப் பழையதுபோல் ஆக்கலாமா?

வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உண்மையான தேய்மானம் கைபடும் இடத்தில், கைப்பிடியைச் சுற்றியும் விளிம்பிலும் காலின் அடியிலும், மட்டும் வரும். செயற்கைச் சுரண்டல் எங்கும் பரவியிருப்பதால் அது உடனே தெரிந்துவிடும். நல்ல மரத்துக்கு மெழுகைத் தேய்த்துப் பயன்படுத்துங்கள். சில ஆண்டுகளில் அது தன் நிறத்தைத் தானே பெற்றுவிடும்.

பிரான்சில் பழைய பொருள்களை எங்கே தேடுவது? எதைப் பார்த்து வாங்குவது?

பழம்பொருள் வணிகர்களின் கடைகளும், ஊர்மக்கள் தம் வீட்டுப் பரணைக் காலிசெய்து தெருவில் விற்கும் சந்தைகளும் பிரான்ஸ் முழுவதும் உண்டு. புரோவான்சில் லில்-சுர்-ல-சோர்க் பழம்பொருள்களுக்கென்றே அறியப்பட்ட ஊர். ஈஸ்டர் காலத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் அங்கே பெரிய சந்தைகள் கூடுகின்றன. வடக்கே லீல் நகரில் செப்டம்பர் முதல் வார இறுதியில் தெருக்கள் முழுவதும் சந்தையாகின்றன. சிறிய ஊர்ச் சந்தைகளில் எனாமல் காப்பிக் குடுவைகளும் ரப்பர் வளையமும் கம்பிப் பூட்டும் கொண்ட கண்ணாடிச் சாடிகளும் மலிவாகக் கிடைக்கும்.

மரச்சாமானை வாங்கும்போது இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். மூலையில் மரம் மரத்தோடு கோக்கப்பட்ட பற்கள் சற்றே ஒழுங்கற்று இருந்தால் அது கைவேலை. பூச்சித் துளைகளுக்குக் கீழே புதிய மரத்தூள் உதிர்ந்திருந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. பழைய பெயிண்ட் பூசிய சாமானை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அதில் காரீயம் இருக்கலாம். பிரான்சில் 1949க்கு முன் கட்டிய வீடுகளை விற்கும்போது காரீயப் பெயிண்ட் சோதனை அறிக்கை தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அத்தகைய வீட்டின் சமையலறையைப் புதுப்பிப்பவர்கள் சுவரைச் சுரண்டுவதற்கு முன் அந்த அறிக்கையைப் படித்துவிடுவது நல்லது. எனாமல் உதிர்ந்த பாத்திரத்தைச் சமையலுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்; அதில் செடி வைக்கலாம்.

சமையல் மேடைக்கு எந்தக் கல்?

பர்கண்டியின் சுண்ணக்கல் மரபுக்கு ஏற்றது. ஆனால் எலுமிச்சைச் சாறும் வினிகரும் பட்ட இடம் அரித்து மங்கிவிடும். அதை ஏற்கும் மனம் இல்லாவிட்டால் மரப்பலகையோ ஓடு பதித்த மேடையோ மேல்.

வெளிச்சம்?

மேசைக்கு மேலே 70 முதல் 80 செ.மீ. உயரத்தில் ஒரு தொங்கு விளக்கு, மேடைக்குத் தனி வெளிச்சம், இரண்டிலும் 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் ஒளி. ஏற்றி இறக்கும் கப்பியுடன் கூடிய பால்நிறக் கண்ணாடி விளக்குகள் பழைய பிரெஞ்சு வீடுகளில் இருந்தன. கிடைத்தால் புதிய மின்கம்பி மாற்றிப் பயன்படுத்துங்கள். கூரையில் வரிசையாகப் பதிக்கும் வெண்ணிற விளக்குகள் சுண்ணாம்புச் சுவரின் மேகத்தோற்றத்தை முழுவதும் தட்டையாக்கிவிடும்.

குளிர்பதனப் பெட்டியை மறைக்க வேண்டுமா?

முடிந்தால் மரக்கதவுக்குப் பின்னால் வைக்கலாம். முடியாவிட்டால் அது வெளிப்படையாகவே இருக்கட்டும். பயன்படும் பொருள் கண்ணுக்குத் தெரிவதில் இந்தப் பாணிக்குத் தடையில்லை.

வாடகை வீட்டின் சிறிய சமையலறையில், சுவரையும் தரையையும் தொடாமல் என்ன செய்ய முடியும்?

சுவரில் துளையிட அனுமதி இருந்தால் ஒரே ஒரு நீண்ட கம்பியை மாட்டி, அன்றாடம் எடுக்கும் பாத்திரங்களையும் கரண்டிகளையும் அளவு வரிசையில் தொங்கவிடுங்கள். அனுமதி இல்லையென்றால் சிறிய தனி அடுக்கு ஒன்றை மேடைமேல் நிறுத்தி, அதில் மாவு, சர்க்கரை, காப்பித்தூள் ஆகியவற்றைக் கண்ணாடிச் சாடிகளில் வையுங்கள். இருக்கும் மேசைமேல் லினன் விரிப்பு, தொட்டிக்குக் கீழே கட்டத்துணித் திரை, சன்னலில் மூலிகைத் தொட்டி, சோப்புக்கு ஒரு மண்கிண்ணம் ஆகியவை ஒரு வார இறுதியில் முடிகிற வேலைகள். மின்குமிழையும் மறக்காமல் மஞ்சள் ஒளிக்கு மாற்றிவிடுங்கள். வீடு மாறும்போது இவை எல்லாவற்றையும் உடன் எடுத்துச் செல்லலாம். கழற்றிய பழைய மின்குமிழை மட்டும் வீட்டு உரிமையாளருக்காகப் பத்திரமாக வைத்திருங்கள்.